நாலாவது கம்பி

ஏழு வருடம் முடிந்தும் பட்டம் வாங்காத ஆராய்ச்சி மாணவரை இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுவது அந்த இயற்பியல் துறையின் நடைமுறை. இசக்கியம்மாளுக்கு ஏழு வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிய இருந்தது.

இதில் கொடுமை ஒன்றும் இல்லை என்றுதான் துறையில் எல்லோரும் சொல்வார்கள். ஏழு வருடமாக ஓர் அறையை விட்டு நகராத பொருளுக்கு எண் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பொருள் மத்தியானம் தயிர்சாதம் சாப்பிடுகிறதா என்பதைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. இசக்கிக்கு முன்னால் இரண்டு பேரை இப்படி ஏற்றியிருந்தார்கள். ஒருவர் இப்போது வெற்றிடப் பம்பாக இருக்கிறார். நன்றாக ஓடுகிறார். இன்னொருவர் ஸ்டூல்.

ஸ்டோர் கீப்பர் குத்தாலிங்கம் காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டார். ஒரு கையில் வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் பிரஷும். இன்னொரு கையில் பதிவேடு.

“நம்பர எங்கன எழுதட்டும்? முழங்கையிலயா, நெத்தியிலயா?”

“சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான சார்?”

“எடம் பாத்து வச்சிக்கிட்டா சோலி சுளுவா முடியும். போன தடவ அந்தப் பம்புக்காரப் பய கடைசி நிமிசத்துல கூச்சப்பட்டுட்டான்.”

“முழங்கையில எழுதுங்க.”

“நெத்தின்னா ஆடிட்டுக்கு வாறவங்க தேட வேண்டாம்.”

“முழங்கை.”

அவர் நூலை எடுத்து முழங்கையை அளந்தார். ஒன்பது இலக்கம் கொள்ளுமா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அளவைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

இசக்கிக்குப் பயமாக இருந்தது. பம்பாக ஆவதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். பம்புக்கு ஒரு வேலை இருக்கிறது. ஸ்டூலாகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவளுக்கு இரண்டு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. அவளுடைய அம்மா களக்காட்டில், மகள் டாக்டராகி வரப்போகிறாள் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள். தெருவில் இரண்டு பேர் அந்த டாக்டருக்காகவே மூட்டுவலியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவளுடைய ஆராய்ச்சி மீக்கடத்திகளைப் பற்றியது. சில பொருள்களை நன்றாகக் குளிர வைத்தால் அவற்றின் மின்தடை ஒட்டுமொத்தமாகப் போய்விடும். ஒரு தடவை மின்சாரத்தைச் செலுத்தி வளையமாக விட்டால் அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். காந்தத்தின் மேல் வைத்தால் அந்தப் பொருளே எதையும் தொடாமல் மிதக்கும். இது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அவளுடைய கைடு பேராசிரியர் ஞானசிகாமணிக்கு அது போதவில்லை. குளிர வைக்காமலே, ஃபேனுக்குக் கீழே, மேசை மேலே அது நடக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அவர் ஆசைப்பட்டது சும்மா இல்லை. துறைக்கு மாதம் ஒரு முறை திரவ நைட்ரஜன் வரும். பெரிய மனிதர்கள் வந்தால் தரையில் ஊற்றிப் புகை காட்டுவதற்கு அதைத் துறைத் தலைவர் பூட்டி வைத்துக்கொள்வார். குளிர வைப்பதற்கு ஒரு சொட்டும் கிடைக்காது.

எனவே இசக்கி பொடிகளை அரைத்தாள், அழுத்தினாள், உலையில் வைத்தாள், எடுத்துத் திரும்ப அரைத்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கறுப்பு வில்லை வரும். ஏழு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வில்லைகள். எல்லாவற்றிலும் மின்தடை திண்ணென்று உட்கார்ந்திருந்தது.

வில்லையை அளப்பதற்கு நாலு கம்பி வேண்டும். தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி. ஓரத்துக் கம்பிகள் இரண்டும் மின்சாரத்தைக் கொண்டுபோகும். உள்ளே இருக்கும் இரண்டும் வில்லைக்குள் எவ்வளவு மின்னழுத்தம் விழுகிறது என்று பார்த்து மீட்டருக்குச் சொல்லும். நாலையும் சில்வர் பேஸ்ட் என்கிற வெள்ளிப் பசையால் ஒட்ட வேண்டும். ஓரத்துக் கம்பிகள் முதலில், உள்கம்பிகள் மூன்றாவதாகவும் நாலாவதாகவும். குண்டூசி நுனியில் ஒரு சொட்டு. ஒட்டும்போது தும்மக்கூடாது. இசக்கி தும்மலை அடக்கி அடக்கி, இப்போதெல்லாம் தும்மல் வருவதே இல்லை.

அன்று காலை பத்து நாற்பதுக்கு நானூற்றுப் பதிமூன்றாவது வில்லையை ஏற்றினாள். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

மீட்டரைத் தட்டினாள். பூஜ்யம். மின்சாரத்தைக் கூட்டினாள். பூஜ்யம். வெப்பமானி முப்பத்தொரு டிகிரியில் நின்றது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

கைடுக்கு ஆள் அனுப்பினாள்.

ஞானசிகாமணி வந்தார். வழுக்கைத் தலை, பையில் நாலு பேனா, முகத்தில் எப்போதும் யாரோ அவரை வரிசையில் முந்திவிட்ட மாதிரி ஒரு கடுப்பு. மீட்டரைப் பார்த்தார். பக்கத்தில் வந்து பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். கடுப்பு போய்விட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. பச்சை மை பேனாவை எடுத்து ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதினார்: மின்தடை பூஜ்யம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குறிப்பேட்டில் பச்சை மையில் பதிவான அளவுக்குத் துறை கட்டுப்பட வேண்டும். அது சட்டம். முன்பு ஒரு தடவை யாரோ கைமறதியாக அறை வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு என்று எழுதிவிட்டார்கள். அதைத் திருத்தி உத்தரவு வரும்வரை இரண்டு மாதம் எல்லோரும் கம்பளி போர்த்திக்கொண்டு வந்தார்கள். கேன்டீனில் இட்லியைச் சுத்தியலால் உடைத்துக் கொடுத்தார்கள். யாரும் புகார் சொல்லவில்லை.

பச்சை மை காய்ந்தது. ஞானசிகாமணி தரையிலிருந்து எழும்பினார்.

“இசக்கி, நான் மெதக்கேனா?”

“ஆமா சார்.”

“எவ்வளவு?”

“ஒரு வெரக்கட.”

“எழுதிக்க.”

அவள் எழுதிக்கொண்டாள். அவர் ஒரு விரற்கடை உயரத்திலேயே திரும்பி, சுவரை ஒரு தள்ளு தள்ளி வாசல்வரை போனார். அவரைச் சந்தோஷமாகப் பார்ப்பது இசக்கிக்கு அதுதான் முதல் தடவை. அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஸ்டூலாக வேண்டாம். டாக்டராகலாம்.

“வைவாவ இன்னைக்கே வச்சிருவோம். மூணரைக்கு” என்றார் ஞானசிகாமணி. வாய்மொழித் தேர்வான வைவாவுக்குப் புறத் தேர்வாளரைத் தேடி அலைய வேண்டிய தேவை இல்லை. இப்படி அவசரம் வரும் என்று ஒருவரை விருந்தினர் விடுதியில் தயாராக வைத்திருந்தார்கள். அவர் நாலு வருடமாகத் தயாராக இருந்தார்.

துறைக் கட்டடம் வட்டமானது. அறைகள் எல்லாம் வெளிச்சுற்றில். உள்ளே வளையமாக ஒரு தாழ்வாரம். பச்சை மை காய்ந்த அந்த நொடியில் தாழ்வாரத்தில் பதினேழு பேர் இருந்தார்கள். அவர்களில் பதினாறு பேர் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். நடந்துகொண்டிருந்தவர் அட்டெண்டர் சுடலைமுத்து ஒருவர்தான். கையில் டீத் தூக்கு.

நின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவைப் பிடித்து மெல்ல அறைக்குள் ஏறிக்கொண்டார்கள். வளையத்தில் தடையே இல்லாததால் சுடலைமுத்துவால் நிற்க முடியவில்லை. கால்களை அசைப்பதை விட்டுவிட்டார். அப்படியும் போய்க்கொண்டே இருந்தார். மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செருப்புச் சத்தம் கேட்கவில்லை.

இசக்கி வாசலில் வந்து நின்றாள். அவர் வந்தார்.

“இசக்கிம்மா, டீ…” என்றார். போய்விட்டார்.

மூன்று நிமிடம் கழித்து, “…வேணுமா?” என்றார்.

“வேணும் அண்ணாச்சி” என்றாள் அவருடைய முதுகைப் பார்த்து.

அடுத்த சுற்றில், “சீனி…” என்றார். அதற்கடுத்த சுற்றில், “…கம்மியாத்தான?” என்றார். டம்ளரை நீட்டி அவள் ஒரு டீயை வாங்கி முடிப்பதற்கு மொத்தம் இருபத்தேழு நிமிடம் ஆயிற்று. பரவாயில்லை, கேன்டீனில் அதைவிட அதிகமாகும்.

டீயைக் குடித்துக்கொண்டே இசக்கி வில்லையின் பக்கம் போனாள். பூஜ்யம் காட்டிய பொருளை ஒரு தடவை ஆசையாகப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

முதல் கம்பி ஒட்டியிருந்தது. இரண்டாவது ஒட்டியிருந்தது. மூன்றாவது ஒட்டியிருந்தது. நாலாவது கம்பி வில்லையைத் தொடவே இல்லை. ஒரு மயிரிழை தூக்கலாக, நுனியில் காய்ந்த வெள்ளிச் சொட்டோடு, அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

மின்னழுத்தம் பார்க்க வேண்டிய கம்பி எதையும் பார்க்காமல் இருந்தது. எதையும் பார்க்காதவன் என்ன சொல்வான்? பூஜ்யம் என்று சொல்லியிருந்தது.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது வாழ்க்கையில் ஒரு தடவையாவது நடக்கும். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். பூஜ்யம் வந்தால் முதலில் கம்பியைப் பார், அப்புறம் கடவுளைக் கும்பிடு. இசக்கி வரிசையை மாற்றிவிட்டாள். ஞானசிகாமணி கம்பியைப் பார்க்கவே இல்லை.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அழுகை வந்தது. அழுதாள். அழுது முடித்துவிட்டு சில்வர் பேஸ்ட் சீசாவைத் திறந்தாள். பசை காய்ந்து கல்லாக இருந்தது.

பக்கத்து அறை குறைகடத்தி ஆய்வகம். இடையில் ஒரு கதவு உண்டு. மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடைப் போல, குறைகடத்திக் கதவு ஒரு பக்கம்தான் வழிவிடும். உள்ளே போகலாம், லேசாக விரலை வைத்தாலே திறந்துகொள்ளும். வெளியே வர முடியாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் லூர்துராஜ் என்கிற ஆராய்ச்சி மாணவர் ஒரு ஸ்குரூடிரைவர் கேட்டு உள்ளே போனார். அதன்பிறகு அவர் அங்கேதான் இருக்கிறார். கதவுக்குப் பின்னால் இருப்பதால் அவரை யாரும் பதிவேட்டிலும் ஏற்ற முடியவில்லை.

“லூர்து அண்ணே” என்று இசக்கி கதவின் சாவித் துவாரத்தில் கூப்பிட்டாள்.

“சொல்லு.”

“சில்வர் பேஸ்ட் இருக்கா?”

“புது சீசா இருக்கு. எதுக்கு?”

“சும்மா.”

அந்தப் பக்கம் சீசாவைத் திரும்பக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“எத்தனாவது கம்பி?” என்றார் லூர்துராஜ்.

“நாலாவது.”

“வேற ஆரும் பாத்தாங்களா?”

“இல்ல.”

“அப்பம் பேஸ்ட் எதுக்குட்டி? பேசாம இரு. ஒட்டலன்னா டாக்டர். ஒட்டுனா ஸ்டூலு.”

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இசக்கி வாசலுக்கு வந்தாள். அவள் ஒன்றும் உத்தமி இல்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் அப்போது முடிவு செய்திருந்தாள்.

சுடலைமுத்து வந்தார். முன்பு போலவே, அதே வேகத்தில், அதே தூக்கோடு.

“அண்ணாச்சி, கால் வலிக்கா?”

மூன்று நிமிடம் காத்திருந்தாள்.

“வலிக்கல” என்றார். அடுத்த சுற்றில் மீதியையும் சொன்னார். “அதான் பயமா இருக்கு.”

அதற்கு அடுத்த சுற்றில் அவர் தானாகவே பேசினார். “வீட்டுல போன் போட்டுச் சொல்லிரும்மா.” அதற்கும் அடுத்த சுற்றில், “இன்னைக்கு வரமாட்டேன்னு.” பிறகு நாலைந்து சுற்றுகள் தூக்கைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு போனார். மத்தியானம் ஒரு மணிக்கு யாரோ அறை வாசலிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை நீட்டினார்கள். ஒரு சுற்றில் ஒன்றை வாங்கினார், மறு சுற்றில் இன்னொன்றை. சாப்பிட்டார். உட்கார்ந்து சாப்பிட முடியாததால் ருசி தெரியவில்லை என்று மூன்று சுற்றில் சொல்லி முடித்தார்.

மூன்றரைக்குப் புறத் தேர்வாளர் வந்தார். நாலு வருடமாக மடித்து வைத்திருந்த கோட்டு. கையில் பட்டம் வழங்கலாம் என்கிற கடிதம், கையெழுத்துப் போட்டுத் தயாராக. யாரும் அவருக்குத் தாழ்வாரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மிடுக்காக உள்ளே காலை வைத்தார். அவ்வளவுதான். சுடலைமுத்துவுக்கு இருபது அடி பின்னால் அவரும் சுற்ற ஆரம்பித்தார்.

இரண்டு சுற்று அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டே போனார். தேர்வு நடத்த வந்த இடத்தில் எதையும் காட்டிக்கொள்ளக்கூடாது என்று நினைத்திருக்கலாம். மூன்றாவது சுற்றில் வைவாவைத் தொடங்கினார்.

“உங்க பேரு?”

“இசக்கியம்மாள்.” அவள் வாசலில் நின்றபடி சொன்னாள். ஞானசிகாமணி அவளுக்குப் பின்னால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். ஸ்டோர் கீப்பர் குத்தாலிங்கமும் அறைக்குள் ஒரு மூலையில் பெயின்டைக் கலக்கிக்கொண்டிருந்தார். வைவா எப்படிப் போனாலும் தன் வேலை கெடக்கூடாது என்று நேரத்தோடு வந்துவிட்டார்.

“என்ன பொருள்?” அடுத்த சுற்று.

சொன்னாள்.

“எத்தன டிகிரி?”

சொன்னாள்.

“எவ்வளவு மின்தடை?”

“பூஜ்யம்” என்று அவளுக்கு முந்திக்கொண்டு ஞானசிகாமணி சொன்னார்.

தேர்வாளர் போய்விட்டார். மூன்று நிமிடம் கழித்து வந்தார். கடிதத்தைக் கை நீட்டிக் கொடுப்பதற்குத் தோதாகப் பிடித்திருந்தார். நல்ல மனிதர். எல்லோரும் கேட்கும் கடைசிக் கேள்வியைச் சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

“கம்பியெல்லாம் சரியா ஒட்டியிருக்கா, பாத்தீங்களா?”

போய்விட்டார். இசக்கிக்கு மூன்று நிமிடம் இருந்தது.

முதல் நிமிடம் அவள் கடிதத்தைப் பற்றி நினைத்தாள். ‘ஆமா’ என்று சொன்னால் போதும். அடுத்த சுற்றில் கையை நீட்டினால் கடிதம் வந்துவிடும். களக்காட்டுக்குப் போகலாம். மூட்டுவலிக்காரர்களைப் பார்த்து, நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லலாம்.

இரண்டாவது நிமிடம் ஞானசிகாமணி குனிந்து அவள் காதில், “ஆமான்னு சொல்லு” என்றார்.

மூன்றாவது நிமிடம் சுடலைமுத்து வந்தார். இந்தத் தடவை அவர் அவளைப் பார்க்கவில்லை. வாசலை எண்ணுவதைப் போல எதிரே பார்த்துக்கொண்டு போனார். காலையில் அவருக்கு முகம் இருந்தது. இப்போது அது ஒரு சுற்றாக ஆகியிருந்தது. இசக்கிக்கு அது தாங்கவில்லை.

தேர்வாளர் வந்தார்.

“நாலாவது கம்பி விட்டுப்போச்சு சார்” என்றாள் இசக்கி.

ஆனால் அவர் அதற்குள் தாண்டிவிட்டார். வளைவில் திரும்பி, “கேக்கல” என்று கத்தினார்.

உண்மையை ஒரு தடவை சொல்வதே பெரிய பாடு. அவள் மூன்று நிமிடம் நின்று, அதைத் திரும்ப ஒரு தடவை, சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. “நாலாவது கம்பி ஒட்டல சார்! பூஜ்யம் இல்ல!”

தேர்வாளர் கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பட்டம் அதோடு போயிற்று. அடுத்த சுற்றில், “அப்ப என்னை நிப்பாட்டுங்க” என்றார்.

ஞானசிகாமணி கதவு நிலையை விடவில்லை. “இசக்கி, நான் எறங்குனா திரும்ப ஏற முடியாது” என்றார். அவர் அப்படிக் கெஞ்சி அவள் கேட்டதில்லை. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துக்கொண்டே குறைகடத்திக் கதவுக்குப் போனாள்.

“லூர்து அண்ணே, பேஸ்ட் எடுத்துக்கிட்டு வாங்க.”

“வெளிய வரமுடியாதுட்டி.”

“தள்ளிப் பாத்தியளா?”

“தள்ளுனேன்.”

“ரொம்பத் தள்ளிப் பாத்தியளா?”

அந்தப் பக்கம் யோசனை நடந்தது. ஒன்பது வருடத்தில் அவர் ரொம்பத் தள்ளிப் பார்த்ததில்லை. இப்போது தள்ளினார். கதவு அசையவில்லை. இன்னும் தள்ளினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளியதும் கதவு மொத்தமாக இடிந்து, லூர்துராஜ் சீசாவோடு வந்து மேசைக்குப் பக்கத்தில் விழுந்தார். தாடி இடுப்புவரை இருந்தது.

“கேன்டீன் தொறந்திருக்கா?” என்றார்.

இசக்கி சீசாவை வாங்கிக்கொண்டாள். குண்டூசி நுனியில் ஒரு சொட்டு. நாலாவது கம்பியை வில்லையின் மேல் வைத்தாள். தும்மல் வந்தது. நாலு வருடம் கழித்து வந்த தும்மல். அடக்கினாள்.

பசை காய இருபது நிமிடம் ஆகும். ஏழு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. எல்லோரும் காத்திருந்தார்கள். லூர்துராஜ் ஊதிக் காயவைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். ஞானசிகாமணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு மிதந்தார்.

நாலு ஐம்பதுக்கு மீட்டரைப் போட்டாள். நாலு புள்ளி ஏழு ஓம். நானூற்றுப் பன்னிரண்டு வில்லைகளையும் போலத் திண்ணென்று உட்கார்ந்திருந்தது.

குறிப்பேட்டை எடுத்து பூஜ்யத்தை அடித்தாள். அடித்த கோடு மறைந்துவிட்டது. திரும்ப அடித்தாள். திரும்ப மறைந்தது. சுடலைமுத்து வாசலைத் தாண்டிப் போனார்.

“நீ அடிச்சா எப்பிடிம்மா நிக்கும்?” என்றார் குத்தாலிங்கம் பிரஷைத் துடைத்துக்கொண்டே. “கைடு பச்ச மையில எழுதுனத ஸ்டூடண்டு அடிக்க முடியுமா? சட்டத்துல எடமில்ல.”

“சார் அடிப்பாரா?”

ஞானசிகாமணி சுவரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். மாட்டார்.

“வேற ஆரு அடிக்கலாம்?”

“மெஷின் அடிக்கலாம். மெஷின் காட்டுன அளவ கைடும் ஒண்ணும் செய்ய முடியாது.”

இசக்கி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஐம்பத்திரண்டு. இன்னும் எட்டு நிமிடம் அவள் மாணவியாக இருக்கலாம். எட்டு நிமிடம் என்பது கிட்டத்தட்ட இரண்டே முக்கால் சுற்று. அவளுக்கு அந்த எட்டு நிமிடமும் வேண்டும்போல இருந்தது. ரொம்பவும் வேண்டும்போல இருந்தது. சட்டைக் கையை மடித்து முழங்கையை நீட்டினாள்.

“இப்பமே எழுதுங்க. பதிவேட்டுல அளவுக் கருவின்னு போடுங்க.”

“அஞ்சாகலையே.”

“கையெழுத்து வேணுமின்னா போட்டுத் தாறேன்.”

குத்தாலிங்கம் மனம் இரங்கினார் என்று சொல்ல முடியாது. பெயின்ட் கட்டியாகத் தொடங்கியிருந்தது. பிரஷைத் தோய்த்து ஒன்பது இலக்கத்தையும் நெருக்கி எழுதினார். கடைசி இரண்டு இலக்கம் மடிப்பில் விழுந்தது. பதிவேட்டில், பொருள்: அளவுக் கருவி, எண்ணிக்கை: ஒன்று, நிலை: நன்று.

பெயின்ட் ஜில்லென்று இருந்தது. அவள் பேனாவை எடுத்து பூஜ்யத்தை அடித்து நாலு புள்ளி ஏழு என்று எழுதினாள். அது அப்படியே நின்றது.

தாழ்வாரத்தில் சுடலைமுத்துவின் செருப்பு சரட்டென்று தேய்ந்தது. அவர் தடுமாறி, தூக்கைத் தூக்கிப் பிடித்து, சுவரோரம் உட்கார்ந்தார். அவர் மேல் தேர்வாளர் வந்து விழுந்தார். அறைக்குள் ஞானசிகாமணி ஒரு விரற்கடை உயரத்திலிருந்து விழுந்தார். பத்தாவது மாடியிலிருந்து விழுந்தவரைப் போல முனகினார்.

“அண்ணாச்சி!” என்று இசக்கி கத்தினாள்.

“வலிக்கு இசக்கிம்மா” என்றார் சுடலைமுத்து, இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு. அவருக்குக் கண்ணில் நீர் கட்டியிருந்தது. “நல்லா வலிக்கு.” அதை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். தேர்வாளர் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போனார்.

கருவிகளுக்கு வீட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. இசக்கியை மேசையின் இடது பக்கம், ஜன்னல் வெளிச்சம் படாத இடத்தில் வைத்தார்கள். மேலே ஒரு துணியைப் போட்டார்கள். அவள் துணிக்குள் ஆசை தீரத் தும்மினாள்.

மறுநாள் காலை துணியை எடுத்தபோது கருவியைப் பயன்படுத்த விரும்புவோர் பெயர் எழுதும் நோட்டு பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது. முதல் பெயர் ஞானசிகாமணி. பத்து மணி. பத்து மணிக்கு அவர் தரையில் நடந்து வந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உள்ளே பஞ்சில் ஒரு கறுப்பு வில்லை. நாலு கம்பி. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பூஜ்யம் காட்டிய வில்லை. அதை வைத்துத்தான் அவர் டாக்டரானார், பேராசிரியரானார், ஒரு வீட்டுக்கு மருமகனுமானார். அதன்பிறகு அதை அவர் அளக்கவில்லை.

“பாரு” என்றார்.

இசக்கி வில்லையை உள்ளங்கையில் வாங்கினாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

“எவ்வளவு?”

“ரெண்டு ஓம் சார். மூணாவது கம்பி விட்டிருக்கு.”

“இன்னொரு தடவ பாரு.”

“ரெண்டு ஓம்.”

அவர் டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு தடவை அழுத்தினார். “முப்பத்தோரு வருசத்துல ஒருத்தரும் கேக்கல இசக்கி” என்றார். கருவியைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவர் கூப்பிட்டார். அளவைக் கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள்.

கதவைத் திறந்தார். வெளியே வட்டத் தாழ்வாரம் முழுக்க வரிசை நின்றது. துறையின் அத்தனை டாக்டர்களும் வந்திருந்தார்கள். பக்கத்துத் துறைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். வயதானவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. எல்லோர் கையிலும் ஒரு சின்ன டப்பா.

“மெஷின் எப்பிடி சார்?” என்று முதலில் நின்றவர் கேட்டார்.

“சரியாக் காட்டுது” என்றார் ஞானசிகாமணி.

“அடுத்தது வாங்க” என்றாள் இசக்கி உள்ளேயிருந்து.

தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் இப்போது நன்றாகக் கேட்டது. அவள் காதுகொடுத்துக் கேட்டாள். எல்லாம் வாசலை விட்டுப் போகிற சத்தமாக இருந்தது.